ஒரு படலையையும் விடாமல்

ஓமந்தை,
29.3.1962

மகன் யோகநாயகத்துக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்பது வழமை என்பதால் கேட்கிறேன். என் சுகத்தை மட்டும் இந்த முறை வழமைக்காக எழுதவில்லை. எனக்கு இருதய வருத்தம் என்று இரண்டு இடங்களில் சொல்லி வைத்திருக்கிறாய். ஓரிடம் எனக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தெரிந்துவிட்டது, மற்ற இடம் போன திங்கட்கிழமை பளையில் தெரிந்தது. அந்த இரண்டு இடத்திலும் அது பொய் என்று நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், இந்தக் கடிதம் அதற்காகத்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாத்தறைக் கந்தோரில் வைத்து அவசரமாகப் படிக்காமல் வீட்டுக்குப் போய் இருந்து படி.

எங்கள் குடியேற்றத்தில் இரண்டு அறையோடு ஒரு பிரசவ விடுதியை நாங்களே கட்டிக் கொடுத்தால் அரசாங்கம் ஒரு மருத்துவிச்சியை அனுப்பும் என்பது உனக்குத் தெரியும். அது எதற்காக என்பதும் தெரியும். நீ கடைசியாகப் பொங்கலுக்கு வந்து நின்றபோது உனக்குப் பொங்கிய புக்கை கொண்டுவந்து தந்த சிவனேஸ்வரி, அதற்கடுத்த மார்கழி மழையில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டிலுக்குள்ளேயே வயிற்றுப் பிள்ளையோடு செத்தாள். அவளுடைய தலை என் மடியில் இருந்தது. அந்த இடத்தில் ஒரு மைல்கல் நிற்கிறது, பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் நான் மற்றப் பக்கம்தான் பார்ப்பேன். சங்கக் கூட்டத்தில் செயலாளர் மயில்வாகனம், அறுவடை முடிந்த கையோடு ஓமந்தை ஸ்டேசனிலிருந்து பளை ஸ்டேசன் வரைக்கும் கண்டி வீதியால் நடந்து, வீதியோரத்து வீடு ஒவ்வொன்றிலும் விடுதிக்கென்று நெல்லுக் கேட்போம் என்றார். ஐம்பத்தாறு மைல், நான்கு நாள். ஆனையிறவுக்கு அப்பால் நெல்லில்லாத இடத்தில் தேங்காய் கேட்பது. பின்னால் ஜவாஹிரின் வண்டில் வரும், சாக்கில் எதுவும் விழுந்தவுடன் தந்தவரின் பெயரை ஜவாஹிர் வண்டிலில் நின்று கூவ வேண்டும், நாங்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் ஒன்றே ஒன்று சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு இந்த வீதி நெடுகச் சொந்தக்காரர். கேட்க வெட்கப்பட்டுச் சொந்தக்காரன் வீட்டு வேலிப் படலையையும், ரோசப்பட்டுக் கோபக்காரன் படலையையும் விட்டுவிட்டுப் போனால் மிஞ்சுகிற படலை எத்தனை என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அதையே சட்டமாக்கினார்கள். ஒரு படலையையும் விடக் கூடாது, நின்று கூப்பிட வேண்டும், வீட்டுக்காரர் தர வேண்டும், அல்லது இல்லையென்று வாயால் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் அசையக் கூடாது. அந்தச் சட்டம் என்னுடையது என்பதை மறந்துவிடாதே, பின்னால் வரும்.

எனக்குப் பயமே இருக்கவில்லை என்று நினைக்காதே. ஐம்பத்துநாலு வயதில் நான் ஒரே முறையில் நடந்த அதிக தூரம் வீட்டிலிருந்து ஸ்டேசனுக்குள்ள ஒன்றரை மைல்தான். முழங்கால் பிடிக்குமோ, தார் றோட்டு வெயிலில் உள்ளங்கால் வெந்துபோகுமோ, இருபத்தாறு பேரில் நான்கே பெண்கள், ஒதுங்க வேண்டுமென்றால் எங்கே ஒதுங்குவது, மாங்குளத்துக்கு அப்பால் காட்டு வழியில் யானை நின்றால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பாயில் புரண்டு புரண்டு யோசித்திருக்கிறேன். ஜவாஹிரின் பெண்சாதி சபூறாவும் பெயர் கொடுத்திருந்தாள். நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாளிலிருந்து அவளும் நானும் விடியப்புறத்தில் குளக்கட்டால் நடக்கத் தொடங்கினோம், முதல் நாள் ஒரு மைல், பிறகு இரண்டு, கடைசிக் கிழமையில் குளத்தை மூன்று சுற்று. ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பெருவிரலுக்கிடையில் அறுத்தது, வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஒதுங்குகிற கதைக்கு, ஒருத்தி பழஞ்சீலையை விரித்துப் பிடித்தால் மற்றவள் போய்வரலாம் என்று சபூறாவே தீர்ப்புச் சொன்னாள். ஒவ்வொரு பயத்துக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது, ஒன்றுக்குத் தவிர. ஒரு நாள் குளக்கட்டில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “அக்கா, உங்களுக்குக் காலும் பயமில்லை, யானையும் பயமில்லை. வீரகத்தியின்ர படலையில போய்ச் சாக்கை விரிக்கிறதுக்குத்தான் நீங்கள் பயப்படுறியள்” என்று சொல்லிச் சிரித்தாள். உண்மைதான். ஸ்டேசனடி வீரகத்தியோடு எனக்கு வயல் வரம்பில் நான்கு வருஷக் கோபம், நடையின் முதல் படலை அவருடையது. இந்தப் பயங்களை எல்லாம் ஒன்றும் மறைக்காமல் உனக்கு எழுதினேன், போக வேண்டாம் என்று சொல்வாய் என்பதற்காக அல்ல, பிள்ளையிடம் சொன்னால் பாரம் குறையும் என்பதற்காக. அந்தக் கடிதத்தில் நடை பளையில் முடியும் என்றும் எழுதியிருந்தேன்.

உன்னுடைய பதில் ஒரு பக்கம். அதை இங்கே திருப்பி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீ மறந்திருக்கக் கூடும். வயதுபோன காலத்தில் சாக்கும் கையுமாக றோட்டு றோட்டாகப் பிச்சை எடுத்து என்னைத் தலைகுனிய வைக்காதே என்று எழுதியிருந்தாய். கமலாசனியின் தகப்பன் அப்புத்துரையின் வீடு பளையில் வீதியோரம் இருப்பதால் மாமன் மாமிக்கு முன்னால் வெட்கப்படுகிறாய் என்று நான் நினைத்தேன், கோபம் வந்தது, ஆனால் விளங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நீ மயில்வாகனத்துக்கு அடித்த தந்தி வந்தது. தபால் கந்தோர் ஐயா இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் வாசித்துச் சொன்னாராம்: தாயாருக்கு இருதய நோய், நடையில் சேர்க்க வேண்டாம், ஏதும் நடந்தால் நீங்கள் பொறுப்பு. மயில்வாகனம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். “அக்கா, தந்தி எண்டால் தந்தி. நாளைக்கு நீங்கள் மாங்குளத்தில விழுந்தியள் எண்டால் உங்கட மகன் என்னைக் கோட்டில ஏத்துவான், நான் பிள்ளைகுட்டிக்காரன்” என்று சொல்லி என் பெயரை வெட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரத்துக்குள் ஸ்டேசனிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உள்ள ஒன்பது வீட்டுக்கும் கதை போய்விட்டது. ஆளாளுக்குக் கஞ்சியும் சோறும் கொண்டுவந்தார்கள், கதிரையை விட்டு எழும்ப விடவில்லை, கிணற்றடியில் நான் வாளி தூக்கியதைக் கண்டு ஒருத்தி கூக்குரல் வைத்தாள். செத்த வீட்டுக்கு முதல் நாள் போல இருந்தது வீடு. சபூறா மட்டும் வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, “இருதயம் எந்தப் பக்கம் எண்டாவது உங்கட மகனுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை நான் மருந்துச்சாலைக்கு நடந்து போனேன், மயில்வாகனத்தையும் கூடவே வரச்சொன்னேன். அப்போதிக்கரி ஐயா குழாயை வைத்துக் கேட்டார், நாடி பிடித்தார், மருந்துச்சாலையைச் சுற்றி இரண்டு தரம் வேகமாக நடந்து வரச்சொல்லி மறுபடியும் கேட்டார். பிறகு மயில்வாகனத்தைப் பார்த்து, “இந்த இருதயம் அவனுக்கு இருந்தால் மாத்தறையில இருந்து நடந்தே வந்து தாயைப் பார்ப்பான். பேரைத் திருப்பி எழுதும் ஐசே” என்றார். துண்டும் எழுதித் தந்தார். அந்தத் துண்டைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் ஐம்பத்தாறு மைலும் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியப்புறம் ஸ்டேசனில் தேங்காய் உடைத்துப் புறப்பட்டோம். வீரகத்தியின் படலையில் எல்லோரும் நின்றார்கள், கூப்பிட வேண்டியது நான் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கூப்பிடவும் இல்லை. என் தொண்டை அடைத்துப் போயிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சபூறா பின்னால் நின்று, “குரலுக்கும் தந்தி வந்திட்டுதோ அக்கா?” என்றாள். அந்தக் கோபத்தில் வாய் திறந்தேன், என்ன சொன்னேன் என்று தெரியாது, சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. வீரகத்தி வெளியே வந்தார். “வரம்பை வெட்டாத கையெண்டால் நீட்டும், போடுறன்” என்றார். நான் கையை நீட்டவில்லை, சாக்கை விரித்தேன், “வரம்பை வெட்டினது நீர். இது சிவனேஸ்வரிக்கு. இருந்தால் போடும், இல்லையெண்டால் வாயால சொல்லும்” என்றேன். ஒரு கடகம் நிறைய நெல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, “வரம்புக்கதை அப்பிடியே இருக்கு” என்று சொல்லி உள்ளே போனார். ஓம், அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது படலையில் எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. மற்றப் பயங்களும் அதுபோலத்தான் போயின. புளியங்குளத்துக்குக் கிட்டத் தார் இளகிக் காலில் ஒட்டியது, வீதியோரப் புல்லில் நடக்கப் பழகினோம், பத்து மணியோடு நிழலுக்குப் போய் மூன்று மணிக்குத்தான் வெளிக்கிட்டோம். கனகராயன்குளத்தில் இராத்தங்கினபோது குதிக்காலில் கொப்புளம், வேப்பெண்ணெய் பூசித் துணி சுற்றினேன். மாங்குளத்துக் காட்டில் யானை நிற்கவில்லை, அது போட்ட லத்திதான் கிடந்தது, ஜவாஹிர் அதற்கும் ஒரு பெயர் சொல்லிக் கூவட்டோ என்று கேட்டான். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லோரையும் போல நானும் தேங்காய் உடைத்தேன், சபூறா வண்டிலில் இருந்து கச்சான் கடலைக் கோது உடைத்தாள். உனக்காகத்தான் உடைத்தேன், அதை இப்போது நினைத்தால் தேங்காயை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பரந்தனில் மூன்றாம் இரவு. நான்காம் நாள் ஆனையிறவு வெட்டைவெளியில் காற்று முகத்தில் உப்பைக் கொண்டுவந்து அப்பியது, அதுதான் உண்மையில் கஷ்டமான நடை.

திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணிபோல உன் மாமனாரின் இரும்புக் கேற்றடிக்கு வந்து சேர்ந்தோம். ஸ்டேசனுக்கு இன்னும் அரை மைல்தான். மயில்வாகனம் என் பக்கத்தில் வந்து, “அக்கா, சம்பந்தி வீடு. விட்டிட்டுப் போவம், ஒருதரும் ஒண்டும் சொல்லமாட்டினம்” என்று மெதுவாகச் சொன்னார். ஜவாஹிர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபூறா, “சட்டம் போட்டவ ஆர்?” என்றாள். நீ தலைகுனிவாய் என்று எழுதியது எனக்கு நினைவு வந்தது, ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு கேற்றைத் தட்டிக் கூப்பிட்டேன். வெளியே வந்தது உன் மாமி இராசேஸ்வரி. சாக்கோடு நின்ற என்னைக் கண்டு வெட்கப்படவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை, பேயைக் கண்டவள் போலக் கேற்றைப் பிடித்துக்கொண்டா. “மச்சாள்! நீங்கள் எழும்பி நடக்கிறியளோ? படுக்கையை விட்டு எழும்பமாட்டா எண்டெல்லோ மருமகன் சொன்னவர்! முப்பத்தொண்டுக்கும் அதாலதான் வரேல்லை எண்டவர். உங்கட சுகத்துக்கு முறிகண்டியானுக்கு நேர்த்தியும் வைச்சிருக்கிறம்” என்று சொல்லிக்கொண்டே போனா. எந்த முப்பத்தொன்று என்று நான் கேட்டேன். அவா என்னைப் பார்த்தா, திரும்பி வீட்டைப் பார்த்தா. அந்த நேரம் உள்ளே ஒரு குழந்தை அழுதது.

கமலாசனிக்குப் பயணம் கூடாதென்று டாக்குத்தர் மறித்துவிட்டார், பிரசவம் மாத்தறையில்தான், பிறந்தது பெண், பெயர் இன்னும் வைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் சடங்கையும் இங்கேயே சிறிதாகச் செய்யப் போகிறோம், இவ்வளவு தூரம் றெயிலில் நீங்கள் அலைய வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளை பளையில் பிறந்திருக்கிறது. துடக்குக் கழிவுக்கு நீ லீவெடுத்து வந்து நின்றிருக்கிறாய். வருகிற வழியிலும் போகிற வழியிலும் உன் றெயில் ஓமந்தையில் நின்றிருக்கும். அங்கே எனக்கு இருதய வருத்தம் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தாய், இங்கே நடை பளைக்கு வருகிறது என்று கண்டவுடன் அதே வருத்தத்தைத் தந்தியில் அனுப்பி என் காலைக் கட்டப் பார்த்தாய். கமலாசனி பிள்ளையோடு ஓடி வந்தாள். “மாமி, நீங்கள் பயணம் பண்ணினால் இருதயம் தாங்காது, பிள்ளை பளையில பிறந்தது எண்டு உங்களுக்கு அறிவிக்க வேண்டாம், கேள்விப்பட்டால் வெளிக்கிட்டிடுவியள் எண்டவர்” என்று அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் கேள்வி கேட்டு வருத்தாதே. தாலி இழந்தவள் முன்னுக்கு நிற்கக் கூடாதென்று நீங்கள் யாரும் சொன்னீர்களா என்று அப்புத்துரையிடமே கேட்டேன். மனுஷன் திகைத்துப் போய், “சிவ சிவா, உங்களுக்கெண்டு நல்ல கதிரை எடுத்துப் போட்டு வைச்சிருந்தனாங்கள் மச்சாள்” என்றார். ஆகவே அது உன் சொந்த யோசனை. என் வெள்ளைச் சீலையா, என் ஓலைக் கிடுகு வேலியா, என் வாயா, எதை மறைக்கப் பார்த்தாய் என்று எனக்கு அக்கறையில்லை. காரணம் எழுதினால் அந்தப் பக்கத்தை நான் படிக்கமாட்டேன்.

நான் அங்கே அழவில்லை. உள்ளே வரச்சொல்லி மூன்று பேரும் கையைப் பிடித்து இழுத்தார்கள். “எனக்குப் பின்னால இருபத்தைஞ்சு பேர் வெயிலுக்க நிக்கினம். தேங்காய் இருந்தால் தாங்கோ, இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. மற்றக் கதை பேந்து கதைப்பம்” என்றேன். கமலாசனி குசினிப் பக்கம் போய் ஒரு தேங்காயோடு வந்தாள், பிள்ளையின் கையை எடுத்து அதன் மேல் வைத்து, அப்படியே சாக்குக்குள் விட்டாள். ஜவாஹிர் வண்டிலில் எழும்பி நின்று, “ஆற்றை பேரைச் சொல்லிக் கூப்பிட?” என்று கேட்டான். பிள்ளையுடைய பெயரை என்றாள் அவள். “பிள்ளைக்கு என்ன பேர்?” என்றான். இராசமலர் என்றாள். ஜவாஹிர் இராசமலர் என்று கூவினான், இருபத்தைந்து பேரும் இராசமலர் என்று திருப்பிச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை, சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பேத்தியின் பெயரை நான் வண்டில்காரன் வாயால் றோட்டில் நின்று கேட்டேன். நல்ல பெயர். அதை எழுதி அனுப்ப உனக்கு ஒரு முத்திரை போதுமாயிருந்தது.

அரை மைலையும் நடந்து முடித்து, ஸ்டேசனில் மூட்டைகளை ஏற்றும் வரைக்கும் நின்று, பிறகு திரும்பிப் போய்க் கால் கழுவி அந்த வீட்டுக்குள் ஏறினேன். சபூறாவும் வந்தாள், இரண்டு பேருக்கும் ஒரே பந்தியில் சோறு போட்டார்கள். பிள்ளை என் மடியில் நாற்பத்தேழு நாள் பிந்தி வந்து படுத்தது. காது உன் அப்பாவின் காது. அதற்கு மேல் உனக்கு எழுத மனமில்லை. விடுதி விஷயம், ஓட்டுக்கும் சீமெந்துக்கும் நெல்லுப் போதும் என்று மயில்வாகனம் சொல்கிறார், வைகாசியில் அத்திவாரம் வெட்டுவார்கள். வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் அறையின் கூரைக் கிடுகு மாற்றியாயிற்று, ஏனென்றால் வருஷப் பிறப்புக்கு அடுத்த கிழமை கமலாசனியும் பிள்ளையும் இங்கே வந்து ஒரு மாதம் நிற்கப் போகிறார்கள். அப்புத்துரை கொண்டுவந்து விடுவார். உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறோம். அவர்களை மாத்தறைக்குக் கூட்டிப் போக நீ இங்கேதான் வர வேண்டும்.

அதற்கு முன்னால் பளைக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது, என் தாய்க்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் சொன்னது பொய் என்று, அந்தச் சொல்லையே போட்டு எழுது. நேர்த்தி வைத்தவர்கள் கடவுளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே வரும்போது ஸ்டேசனுக்கு வண்டில் வராது, ஜவாஹிரிடம் சொல்லிவிட்டேன். நடந்து வா. ஒன்றரை மைல், ஒன்பது படலை, ஒன்பது வீட்டாரும் உன் தந்தியை நம்பினவர்கள். ஒவ்வொரு படலையிலும் நின்று கூப்பிட்டு, அம்மாவுக்கு வருத்தமில்லை, நான்தான் பொய் சொன்னனான் என்று சொல்லிவிட்டு அடுத்த படலைக்கு வா. ஒரு படலையையும் விடக் கூடாது. விட்டால் எனக்குத் தெரியவரும். வெயிலுக்கு முன் வருகிற றெயிலில் வா, தொப்பி போடு, சப்பாத்துக் கடித்தால் கழற்றிக் கையில் பிடி. முதலாவது வீரகத்தியின் படலை. தொண்டை அடைக்கும், நாக்கு ஒட்டும், திரும்பி றெயிலேறலாமா என்று இருக்கும். வாய் திறக்கும் வரைக்கும்தான் அது. எனக்குத் தெரியும், நான் அதே படலையில் நின்றிருக்கிறேன். ஒன்பதாவதைத் தாண்டினால் என்னுடைய படலை, அதையும் தட்டிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு உள்ளே வா. சோறு இருக்கும்.

முறிகண்டிப் பிள்ளையார் உன்னையும் உன் நாக்கையும் நல்ல வழியில் வைத்திருக்கட்டும். அப்போதிக்கரி ஐயாவின் துண்டை இதற்குள் வைத்திருக்கிறேன், படித்துவிட்டு வரும்போது மறக்காமல் கொண்டுவா, அது எனக்குத் திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
இருதயம் நன்றாக இருக்கும் உன் அம்மா,
தெய்வானைப்பிள்ளை